இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில்

தடுப்பூசிக் கிடங்குக்காரரின் உடம்பு நான்கு டிகிரிக்கு இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், இரண்டரை மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில். சரியான நிமிடம் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் கிடங்கில் அவரைத் தவிர ஆள் இல்லை, அவரோ கடிகாரம் பார்க்கும் நிலையில் இல்லை. பெருந்தொற்று வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கடைகள் பாதிக் கதவைத் திறந்து வியாபாரம் பார்த்தன. பள்ளிக்கூட மணி எப்படி ஒலிக்கும் என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்தது. பேருந்தில் ஒருவர் தும்மினால் மொத்தப் பேருந்தும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டது. இந்த நிலையில்தான் நாடு முழுக்க ஒரே நாளில் தடுப்பூசி தொடங்கும் என்று அறிவித்தார்கள். ஊருக்கு முதல் தவணையாக நூற்றிருபது குப்பிகள் வந்து இறங்கின. குப்பிக்குப் பத்துப் பேர். இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் மருந்து உறைந்து வீணாகும், எட்டுக்கு மேலே போனால் சூட்டில் கெட்டுவிடும். ஆயிரத்து இருநூறு பேர் பெயர் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை எவ்வளவு உயரம் மடக்குவது என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த மதியம், குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

கிடங்குக்காரர் பத்தொன்பது வருடமாக அந்தப் பெட்டியோடு குடும்பம் நடத்தியவர். பெட்டி செத்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. ஐஸ் பேக்குகளைச் சுற்றி அடுக்கி, மேலே மூடி, மேலதிகாரிக்குப் போன் போட வேண்டும். ஆனால் அன்று காலை பள்ளிக்கூட மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. யாரோ சிலர், நிஜமாகவே ஊசி போடுவது மாதிரி இருக்கட்டும் என்று, இருந்த ஐஸ் பேக்குகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் மேஜைமேல் வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோ நன்றாக வந்தது. ஐஸ் பேக்குகள் தண்ணீராகத் திரும்பி வந்தன. பக்கத்து ஊரிலிருந்து வேறு பெட்டி வர மூன்று மணி நேரம் ஆகும் என்று மேலதிகாரி அம்மா போனில் சொன்னார். கிடங்கின் தகரக் கூரை வெயிலில் படபடத்தது. பெட்டியின் முள் ஏழைத் தொட்டதும் கிடங்குக்காரர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, நூற்றிருபது குப்பிகளையும் அக்குளிலும் வயிற்றிலும் பனியனுக்குள்ளும் திணித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தன்னையே கட்டிக்கொண்டார். எப்படி நடந்தது என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவர் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்.

"குளிரணும், குளிரணும்னு நினைச்சேன். வேற ஒண்ணும் செய்யல."

ஆறு மணிக்கு வேனில் பக்கத்து ஊர்ப் பெட்டி வந்தது. கூடவே மேலதிகாரி அம்மாவும் இறங்கினார். வேன் ஓட்டி வந்தது கிடங்குக்காரரின் மனைவியின் தம்பி. அவன் மாமாவை எழுப்பத் தோளைத் தொட்டுவிட்டு, சுடு பாத்திரத்தைத் தொட்டவன் மாதிரிக் கையை உதறினான். மேலதிகாரி அம்மா தெர்மாமீட்டரை அவருடைய அக்குளில் வைத்துப் பார்த்தார். நான்கு. குப்பிகளின் லேபிளில் ஒரு வட்டம் உண்டு, வட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். நூற்றிருபது சதுரமும் சலவைக்குப் போய்வந்த வேட்டி மாதிரி இருந்தன.

"உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது செய்யுதா?"

"இல்ல மேடம். கொஞ்சம் பசிக்குது."

"சரி, போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. ஆனா சூடா எதுவும் வேண்டாம்."

மறுநாள் ஆயிரத்து இருநூறு பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். கைவலியைத் தவிர ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிடங்குக்காரருக்குத்தான் ஆனது. அவர் உடம்பு மறுபடி சூடாகவில்லை. வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள், நான்கு. கம்பளி போர்த்திப் பார்த்தார்கள், கம்பளி விறைத்ததுதான் மிச்சம். மருத்துவமனை வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டிப் பார்க்கும் கருவி, அவர் முன்னால் வந்ததும் எண்ணே காட்டாமல் இரண்டு கோடு போட்டுவிட்டு அணைந்துவிடும். காவலாளி அவரை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தெரியாமல், ஒவ்வொரு நாளும் புதிதாகக் குழம்பினார்.

வீட்டில்தான் விஷயம் முற்றியது. கிடங்குக்காரருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை சரியாக மூன்று வாரம். இந்த மூன்று வாரமும் அவர் கிடங்கிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, துணி மாற்றி, குழந்தையை வாங்கிக்கொண்டால் தூங்கப் போகும்வரை கீழே விடமாட்டார். அன்றும் அப்படித்தான் வந்தார். வந்தவர் குழந்தையின் உள்ளங்காலை ஒரே ஒரு விரலால் தொட்டார். கால் ஊதா நிறமானது. குழந்தை போட்ட கத்தலில் எதிர் வீட்டு விளக்கெல்லாம் எரிந்தது. மூன்று நாள் சளி, மூன்று நாள் இருமல். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் இருமல் சத்தம் கேட்டால் தெரு என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. மனைவி தையல்காரி. பிரசவமான பத்தாம் நாளே மெஷினில் உட்கார்ந்து முகக்கவசம் தைக்க ஆரம்பித்த ஆள். அவளிடம் வழவழா பேச்செல்லாம் கிடையாது.

"போதும்ங்க. உங்க உடம்பு சூடாகுற வரைக்கும் பிள்ளையத் தொடக்கூடாது. மூணு கிலோகூட இல்ல அவ."

"ஒரு விரல்தானே வச்சேன்…"

"ஒரு விரலுக்கே இப்படி. நீங்க தூக்கினா என் பிள்ளை கட்டியா உறைஞ்சுடும்."

அன்றிலிருந்து அவருக்கு முன்னறை, அம்மாவுக்கும் மகளுக்கும் உள்ளறை. நடுவில் நிலைப்படி. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் குழந்தையைப் பார்ப்பார். அந்தப் பக்கம் குழந்தை கையைக் காலை ஆட்டும்.

இதற்கிடையில் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் பெட்டியைத் திருப்பிக் கேட்டார்கள். புதுப் பெட்டிக்கு மேலிடத்தில் எழுதிப் போட்டால் வர மாதக்கணக்காகும். மேலதிகாரி அம்மா காரியக்காரர். ஒரு நாள் யோசித்தார். மறுநாள் தையல்காரியின் வீட்டுக்கு வந்து, அளவெடுத்து ஒரு சட்டை தைக்க முடியுமா என்று கேட்டார். கை இல்லாத சட்டை. உள்பக்கம் முழுக்க பைகள். நூற்றிருபது பை, பைக்கு ஒரு குப்பி. தையல்காரி வாங்கிய மூச்சை விடாமல் அரை மணி நேரம் திட்டினாள். பிறகு அதே மூச்சில் மெஷினில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பைக்கும் ஒரு திட்டு விழுந்தது. ஒவ்வொரு பையிலும் நூலால் எண்ணும் விழுந்தது. எழுபத்தெட்டாம் பை தைக்கும்போது திட்டுவதற்கு விஷயம் தீர்ந்துபோனதால், மிச்ச நாற்பத்திரண்டையும் பேசாமல் தைத்தாள். அந்தப் பக்கத்துத் தையல்தான் கொஞ்சம் நேராக இருக்கும்.

இப்படியாகக் கிடங்குக்காரர் நடமாடும் கிடங்கானார். மச்சான் வேனை ஓட்டினான், கோடைகாலத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. செங்கல் சூளைக்குப் போனார்கள், மலைமேல் இருந்த தோட்டக் குடியிருப்புக்குப் போனார்கள், ஆற்றின் நடுவில் இருந்த தீவுக்குப் படகில் போனார்கள். போன இடத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. நாற்காலியில் கிடங்குக்காரர் உட்கார்ந்து பொத்தானைக் கழற்றுவார். கூட வந்த நர்ஸக்கா குனிந்து, "முப்பத்தேழு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே உள்ளே கைவிட்டுக் குப்பியை எடுப்பார். பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஒரு குப்பியைத் திறக்கலாம் என்பது விதி. அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பதுதான் மற்ற ஊர்களில் பெரும்பாடு. ஊசியா, எனக்கு எதற்கு, என் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போடுங்கள் என்று ஓடுகிறவர்கள் எங்கேயும் உண்டு. இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஊசிக்கு வராதவர்கள்கூட நான்கு டிகிரி மனுஷனைப் பார்க்க வந்தார்கள். பார்க்க வேண்டுமென்றால் வரிசையில் வர வேண்டும். வரிசையின் முடிவில் நர்ஸக்கா நின்றார். சும்மா பார்க்க வந்து ஊசியோடு திரும்பியவர்கள் மட்டும் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு பேர் என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். சூளை மேஸ்திரி ஒருவர், தனக்கு நெஞ்சுப் பக்கத்துப் பையிலிருந்துதான் எடுக்க வேண்டும், அங்கேதான் சரக்கு புதுசாக இருக்கும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நர்ஸக்கா அவர் சொன்ன இடத்திலிருந்தே எடுத்து, கொஞ்சம் அழுத்தியே குத்தினார்.

ஆனால் பெட்டிக்கு இல்லாத ஒரு கோளாறு இந்தக் கிடங்குக்கு இருந்தது. கோபம் வந்தால் உடம்பு அரை டிகிரியாவது ஏறியது. ஒரு நாள் மச்சான் வண்டியைப் பள்ளத்தில் இறக்கியபோது ஐந்தே முக்காலுக்குப் போனது. உடனே மேலதிகாரி அம்மா எழுத்து மூலம் ஓர் உத்தரவு போட்டார். தடுப்பூசி இயக்கம் முடியும்வரை மேற்படி நபருடன் குடும்பத்தினர் எவரும் வாக்குவாதத்தில் ஈடுபடக் கூடாது. தையல்காரி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, மெஷின் டிராயரில் போட்டாள். போடவேண்டிய சண்டைகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்க ஆரம்பித்தாள். நோட்டு நிறைந்ததும் இன்னொரு நோட்டு வாங்கினாள்.

கோபத்தைவிடச் சந்தோஷம் ஆபத்தாக இருந்தது. நான்காம் மாதம், ஒரு காலை, குப்பிகளை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் நிலைப்படியில் நின்று குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்து முதன்முதலாகச் சத்தம் போட்டுச் சிரித்தது. வேனில் ஏறும்போது தெர்மாமீட்டர் ஏழரை காட்டியது. மச்சான் அதை உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான்.

"மாமா, அரை டிகிரிதான் பாக்கி! எதையாவது சோகமா நினைங்க. சீக்கிரம்!"

"என்னத்தடா நினைக்கிறது?"

"சாயங்காலம் திரும்பி வந்தாலும் அவளத் தூக்க முடியாதுன்னு நினைங்க."

கடகடவென்று நான்குக்கு இறங்கியது. பாதி வழியில் மச்சான் வண்டியை ஓரங்கட்டி, தான் சொன்னதற்காக ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். அதன்பிறகு குழந்தையைப் பார்ப்பதற்குச் சட்டையைக் கழற்றிய பின், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்று நேரம் ஒதுக்கப்பட்டது.

சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி போட்டு முடித்தபோதுதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. பட்டியலில் கிடங்குக்காரர் பெயர் இல்லை. நர்ஸக்கா போய்க் கேட்டதில், அவரைக் குளிர்பெட்டிகளின் பட்டியலில் சேர்த்திருப்பது தெரிந்தது. காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் வெப்பநிலை குறிப்பதற்கு ஓர் அட்டை வேண்டும். அட்டை பெட்டிகளுக்கு மட்டும்தான் தருவார்கள். ஆகவே யாரோ அவரை ஏழாம் எண் பெட்டி என்று எழுதிவிட்டார்கள். பெட்டிகளுக்கு ஊசி போடும் வழக்கம் இல்லை. கிடங்குக்காரர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவள் தையல்காரி. அவளுக்கு வேறொரு கணக்கு இருந்தது. தெருவில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் அன்று சாயங்காலமே காய்ச்சலில் படுத்து, மறுநாள் எழுந்து அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மற்றவர்களுக்கு வருகிற காய்ச்சல் இவருக்கும் வரட்டுமே. வந்தால் உடம்பு சூடாகும். சூடானால் பிள்ளையைத் தூக்கலாம். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக மேலதிகாரி அம்மாவின் அறைக்குப் போனாள்.

"மேடம், இவருக்கும் ஒரு ஊசி போடுங்க. காய்ச்சல் வரட்டும்."

"அதுதாம்மா என் பயமே. தீவுல நாலாயிரம் பேர் மிச்சம் இருக்காங்க. இவருக்குக் காய்ச்சல் வந்தா அவங்களுக்கு மருந்தை நான் எதுல கொண்டுபோறது, என் கைப்பையிலயா?"

"அப்ப இவ அப்பா மடிய எப்பதான் பார்க்கிறது?"

மேலதிகாரி அம்மா மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். குழந்தையின் பக்கம் பார்க்கவில்லை. பதில் சொன்னது வாசலில் நின்ற கிடங்குக்காரர். தீவு முடியட்டும் என்றார். தீவு முடிந்ததும் மலையடிவாரம், அதுவும் முடிந்ததும் இரண்டாம் தவணை. தையல்காரி மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. வாக்குவாதத்துக்குத்தான் தடை, பேசாமல் இருப்பதற்கு உத்தரவில் தடை எதுவும் இல்லை.

இப்படியே பதினொரு மாதம் ஓடியது. ஊரில் கடைகள் முழுக் கதவையும் திறந்தன. பள்ளிக்கூட மணி அடித்தது, முதல் நாள் நாலைந்து தெருநாய்கள் பயந்து ஓடின. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது. எல்லாவற்றையும் கிடங்குக்காரர் நிலைப்படிக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல்காரி பால் எடுப்பதற்கு வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். குளிர் முகத்தில் அடித்ததும், இடுப்பிலிருந்த குழந்தை ஃப்ரிட்ஜைப் பார்த்துக் கையை நீட்டி, "ப்பா" என்றது. அது பேசிய முதல் சொல். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துப் பார்த்தபோது அக்கா சிரிக்கவில்லை. மாமா முன்னறையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அன்று மாலை அவருடைய அட்டையில் மூன்றரை என்று எழுத வேண்டியிருந்தது.

இயக்கம் முடிந்தது. புதிதாக மூன்று பெட்டிகள் வந்து இறங்கின. கிடங்குக்காரர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஊசிக்கு உட்கார்ந்தார். அவர் பெயரைப் பணியாளர் பட்டியலில் சேர்க்க முடியாது, பெட்டியாகவே இருக்கட்டும் என்று மேலிடம் சொன்னபோது, மேலதிகாரி அம்மா அந்தக் காகிதத்தைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டார். முதல் ஊசி வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவதை நர்ஸக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினார். வீட்டில் எல்லோரும் தெர்மாமீட்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தையல்காரி குழந்தைக்குப் புதுக் கவுன் போட்டுவிட்டிருந்தாள். நான்கு மணிக்கு நான்கு. ஐந்து மணிக்கு நாலரை. ஆறு மணிக்கு ஐந்து. மச்சான் எழுந்து நின்று கைதட்டினான். ஏழு மணிக்கு ஐந்தரை. அத்தோடு நின்றது. அதுதான் அவருக்கு வந்த காய்ச்சல். கை வலிக்கிறது, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்று அவர் ஆசையாகச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் மதியம் மறுபடியும் நான்கு. தையல்காரி புதுக் கவுனைக் கழற்றி மடித்துவைத்தாள். இரண்டு நோட்டு நிறையச் சண்டை கையிருப்பில் இருந்தும், அன்று அவள் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

பெருந்தொற்று வேலையில் குழந்தைகளுக்கான வழக்கமான ஊசிகள் தள்ளிப்போயிருந்தன. பெரியவர்கள் முடிந்ததும் அவர்களைக் கூப்பிட்டார்கள். ஒரு வியாழக்கிழமை காலை குழந்தைக்குத் தொடையில் ஒன்று, தோளில் ஒன்று என்று இரண்டு ஊசி. நாலு மணிக்குக் குழந்தையின் கண் சிவந்தது. ஐந்து மணிக்கு உடம்பு கொதித்தது. முப்பத்தொன்பதரை. தையல்காரி மருந்து ஊற்றினாள், குழந்தை அதைத் துப்பியது. ஈரத்துணி போட்டாள், துணி காய்ந்தது. நர்ஸக்காவுக்குப் போன் போட்டாள். இன்னொரு முறை மருந்து கொடு, ஆறு மணிவரை பார், இறங்காவிட்டால் தூக்கிக்கொண்டு வா என்றார் அவர். குழந்தை அழுகிற தெம்பும் இல்லாமல் முனகியது. முன்னறையில் கிடங்குக்காரர் சுவருக்கும் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தார். நிலைப்படியில் தையல்காரி வந்து நின்றாள்.

"என்னங்க, சட்டையக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கேள்வி கேக்காதீங்க. கழட்டிட்டுப் படுங்க."

"வேண்டாம்மா. அன்னைக்கு ஒரு விரல் பட்டதுக்கே கால் ஊதாவாச்சு."

"அன்னைக்கு அவகிட்ட சூடு இல்ல. இன்னைக்கு எக்கச்சக்கமா இருக்கு. படுங்கன்னா படுங்களேன்!"

அவர் பாயில் படுத்தார். அவள் பருத்திப் போர்வையை இரண்டாக மடித்து அவர் நெஞ்சில் விரித்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு ஒரு மடிப்பை நீக்கிவிட்டு, குழந்தையை அதன்மேல் குப்புறப் போட்டாள். இரண்டு உடம்புக்கும் நடுவிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி மங்கியது, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் நனைந்து சுருண்டது. குழந்தை முனகலை நிறுத்திவிட்டு, கன்னத்தை நெஞ்சில் அழுத்தி, ஒரு கையால் அப்பாவின் காதைப் பிடித்துக்கொண்டது. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டரை. கிடங்குக்காரர் இரண்டு கைகளையும் அந்தரத்தில் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார், யாரோ துப்பாக்கியை நீட்டியதுபோல.

"கைய எதுக்கு அப்படித் தூக்கி வச்சிருக்கீங்க? முதுகுல வைங்க."

"வைக்கவா?"

"வைங்க. தட்டிக் கொடுங்க. ம், அப்படித்தான். மெதுவா."

ஆறே கால் மணிக்குக் குழந்தை முப்பத்தேழுக்கு வந்துவிட்டது. வந்த பிறகும் தையல்காரி அதை எடுக்கவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கால் கால் நிறத்திலேயே இருந்தது, கை கை நிறத்திலேயே இருந்தது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போக மச்சான் வேனை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது வீட்டில் மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் மெஷின் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்வெட்டரைக் கழற்றினான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேலதிகாரி அம்மா அட்டையோடு வந்தார். இயக்கம் முடிந்துவிட்டாலும் ஏழாம் எண் பெட்டியை எந்தக் காகிதத்தாலும் பட்டியலிலிருந்து எடுக்க முடியவில்லை. ஆகவே வெப்பநிலை குறிப்பதை நிறுத்தவும் முடியவில்லை. கிடங்குக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் குழந்தை வாயைத் திறந்து தூங்கியது. மேலதிகாரி அம்மா சைகையாலேயே கையைத் தூக்கச் சொல்லி, தெர்மாமீட்டரை வைத்தார். ஆறரை. குழந்தையிடமிருந்து இறங்கிய இரண்டரை டிகிரி, ஒரு புள்ளி சிந்தாமல் அப்பாவிடம் ஏறியிருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அவர் ஆறரைதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மேலதிகாரி அம்மா எண்ணைக் குறித்தார். பக்கத்துக் கட்டத்தில், அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது, நடவடிக்கை தேவையில்லை என்று எழுதினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தை எழுந்துவிடாமல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.